அத்தைக்கு ஒரு ஊசி, தங்கச்சிக்கு ஒரு ஊசி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். (வழக்கமான சாக்குதான், மன்னிச்சு விட்டுடுங்க.) ஆனா போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதி இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டுப் படிங்க. சர்க்கரை கம்மியா :-)

எங்க குடும்பத்துல ரெண்டு பேருக்கு எடை குறைக்கிற ஊசி பற்றின பேச்சு வந்தது.

முதல் ஆள் அத்தை. அப்பாவோட அக்கா. கும்பகோணத்துல இருக்காங்க. 58 வயசு. 14 வருஷமா சர்க்கரை, கூடவே பிரஷர். 155 செ.மீ. உயரம், 84 கிலோ. முட்டி ஒத்துழைக்காததால மாடி ஏறி மூணு வருஷம் ஆச்சு. ஒரு காலத்துல மொட்டை மாடியில வடாம் போட்டுத் தெருவுக்கே கொடுத்தவங்க. இப்ப கீழ நாற்காலியில உக்காந்துக்கிட்டு "அந்தப் பக்கம் காஞ்சிருக்கா பாரு"ன்னு குரல் மட்டும்தான். அவங்க வழக்கமா பார்க்குற டாக்டர், "வாரம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம்மா, சர்க்கரையும் இறங்கும் எடையும் இறங்கும்"னு சொல்லியிருக்கார். அத்தை முடியவே முடியாதுன்னுட்டாங்க.

ரெண்டாவது ஆள் சித்தி பொண்ணு. எனக்குத் தங்கச்சி. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) 26 வயசு, 158 செ.மீ., 62 கிலோ. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒரு வியாதியும் இல்லை. நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்துட்டு மாப்பிள்ளை வீட்டுல ஒரு பெரியம்மா, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்கு"ன்னு சொன்னது சுத்தி வளைச்சு சித்தி காதுக்கு வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு நாலு மாசம். பியூட்டி பார்லரா ஆஸ்பத்திரியான்னு பார்த்தா தெரியாத ஒரு கிளினிக். அங்க ஃபேஷியல், முடி, எடை எல்லாம் சேர்த்து "மணப்பெண் பேக்கேஜ்". அதுல இந்த ஊசியும் அடக்கம். ஒரே நாள்ல முடிவாகி, அன்னிக்கே முதல் ஊசியும் போட்டாச்சு.

மருந்து தேவைப்பட்டவங்க வேணாம்னாங்க. தேவைப்படாதவ போட்டுக்கிட்டா. எனக்கு உறுத்துறது இதுதான்.

ரெண்டு பேர் வீட்டுலயும் பேசினது ஒரே மாதிரி தப்பு. அத்தை வீட்டுல, "வாயைக் கட்ட முடியாதவங்களுக்குத்தான் ஊசி". சித்தி வீட்டுல, "நாலு மாசம் போட்டு நிறுத்திக்கலாம், என்ன இப்போ". இதை ஒரு வியாதிக்கான மருந்தா ரெண்டு வீட்டுலயும் யாருமே பார்க்கலை.

சரி, இது என்ன மருந்து?

நாம சாப்பிட்டதும் குடல்ல ஜி.எல்.பி-1னு ஒரு ஹார்மோன் சுரக்குது. கணையத்துக்கு "இன்சுலின் விடு"ன்னும், இரைப்பைக்கு "மெதுவா காலி பண்ணு"ன்னும், மூளைக்கு "போதும்"னும் சொல்றது இதோட வேலை. ஆனா நம்ம உடம்புல சுரக்குறது ரெண்டு நிமிஷத்துக்குள்ளயே பாதி அழிஞ்சுடும். அமெரிக்காவுல கிலா மான்ஸ்டர்னு ஒரு விஷப் பல்லி இருக்கு. அதோட விஷத்துல இதே வேலையைச் செய்ற, ஆனா சீக்கிரம் அழியாத ஒரு பொருள் இருக்குன்னு ஜான் எங் என்ற ஆராய்ச்சியாளர் 1992ல எழுதினார். அதுல இருந்து 2005ல எக்ஸினடைடுன்னு ஒரு சர்க்கரை மருந்து வந்தது. அந்த வழியில வந்ததுதான் இப்ப எல்லாரும் பேசுற செமாக்ளூடைட் (ஒசெம்பிக், வெகோவி). டிர்செபடைட் (மவுன்ஜாரோ) இன்னொரு ஹார்மோனோட வேலையையும் சேர்த்துச் செய்யுது. ரெண்டுமே வாரம் ஒரு ஊசி.

பலன் எவ்வளவு? 2021ல வெளியான செமாக்ளூடைட் ஆய்வுல 1,961 பேர். 68 வாரத்துல சராசரியா உடல் எடையில 14.9 சதவீதம் குறைஞ்சது. வெத்து ஊசி போட்டவங்களுக்கு 2.4 சதவீதம். அடுத்த வருஷம் வந்த டிர்செபடைட் ஆய்வுல, அதிகபட்ச டோஸ்ல 72 வாரத்துக்கு 20.9 சதவீதம். அத்தையோட 84 கிலோவுல 15 சதவீதம்னா 12 கிலோவுக்கு மேல. (சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் குறையும், அதையும் சொல்லிடணும்.) அதுல பாதி குறைஞ்சாக்கூட அந்த முட்டிக்கு எவ்வளவு நிம்மதி!

எடை மட்டும் இல்லை. 2023ல வந்த இன்னொரு ஆய்வு, 17,604 பேர். எல்லாரும் ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்தவங்க, உடல் பருமனும் உண்டு, சர்க்கரை இல்லை. வெத்து ஊசிக்காரங்கள்ல நூத்துக்கு 8 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம்னு ஏதாவது ஒண்ணு வந்தது. மருந்து போட்டவங்கள்ல நூத்துக்கு 6.5 பேர். "20 சதவீதம் குறைவு"ன்னு தலைப்புல போடுறது இதைத்தான். நூத்துக்கு ஒண்ணரை பேர்னு கேட்டா சின்னதா தெரியும். அந்த ஒண்ணரைக்குள்ள நம்ம வீட்டு ஆள் இருந்தா சின்னதா தெரியாது.

ஆக, இது டிவியில நடுராத்திரி வர்ற இடுப்பு பெல்ட் இல்லை. நிஜமான மருந்து. நிஜமான மருந்துன்னா நிஜமான பக்கவிளைவும் உண்டு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

"எடை குறைக்கிற மருந்தா? வேணாம்பா"ன்னு நம்ம பெரியவங்க பயப்படுறது மூடத்தனம் இல்லைங்க. இந்தத் துறையோட வரலாறு அப்படி. 1933ல அமெரிக்காவுல டைநைட்ரோஃபீனால்னு ஒரு பொருளை எடைக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அது வெடிமருந்துத் தொழிற்சாலையில புழங்கின கெமிக்கல். எடை குறைஞ்சது நிஜம். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடம்பு கொதிச்சே செத்தாங்க. அப்புறம் ஆம்ஃபெட்டமின் மாத்திரைக் காலம். 1997ல ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுக்குதுன்னு வாபஸ். சிபுட்ரமின் நம்ம ஊர்லயும் வித்தது. ஏறக்குறைய 10,000 பேரை வெச்சு நடத்தின ஆய்வுல, இதய நோய் உள்ளவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகுதுன்னு தெரிஞ்சு 2010ல மேற்கத்திய நாடுகள் நிறுத்தின, 2011ல இந்தியா தடை பண்ணுச்சு. ஐரோப்பாவுல 2006ல வந்த ரிமோனபான்ட், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுதுன்னு 2008ல நின்னுபோச்சு.

இதுல பாதி மருந்துகள் வர்றப்பவும் "இந்தத் தடவை நிஜமாவே பாதுகாப்பானது"ன்னுதான் சொன்னாங்க. அதனால சந்தேகப்படுறவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். இப்போதைய மருந்துகளுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. இந்த வகை 2005ல இருந்து சர்க்கரைக்காரங்க உடம்புல ஓடிக்கிட்டு இருக்கு. சிபுட்ரமினைக் கவிழ்த்தது எந்த மாதிரி ஆய்வோ, அதே மாதிரி ஆய்வுலதான் செமாக்ளூடைட் இதயத்துக்கு நல்லதுன்னு வந்திருக்கு. இது பெரிய வித்தியாசம்தான். ஆனா 40 வருஷம் தொடர்ந்து போட்டா என்ன ஆகும்னு சொல்ல, 40 வருஷம் போட்ட ஆள் யாரும் இன்னும் இல்லை. வியாதி இருக்கிறவங்களுக்கு அந்த ரிஸ்க் எடுக்கிறதுல நியாயம் இருக்கு. போட்டோவுக்காக எடுக்கிறதுல என்ன நியாயம்?

* * *

"வாயைக் கட்டினா போதாதா?" இது மாமா கேள்வி. அத்தை வீட்டு மாமா.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் ஒரு போட்டோ பற்றினது. புனே டாக்டர் யாஞ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற படம், 2004ல லான்செட் இதழ்ல வந்தது. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. அச்சு அசலா ஒரே அளவு. ஆனா உடம்புல கொழுப்பை அளந்தா, லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2 சதவீதம். ஒல்லியா தெரியுற இந்திய உடம்புக்குள்ள கொழுப்பு அதிகம், தசை கம்மி. அதனாலதான் நமக்குப் பருமன் கணக்கு 30ல இல்லாம 25லயே ஆரம்பிக்குதுன்னு 2009லயே இந்திய மருத்துவர்கள் வரையறுத்தாங்க. அரசாங்கத்தோட குடும்ப நல ஆய்வுப்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்கள்ல நூத்துக்கு 40 பேர் அந்த 25ஐத் தொட்டவங்க, இல்லைன்னா தாண்டினவங்க. 40 சதவீதம் பேருக்கும் ஒரே நேரத்துல வாய் நீளமாயிடுச்சா மாமா?

அதுவும் இல்லாம, எடை குறைய ஆரம்பிச்சதுமே உடம்பு சண்டைக்கு நிக்கும். பசி ஹார்மோன் ஏறும், எரிக்கிற கலோரி குறையும். அத்தை வருஷக்கணக்கா ராத்திரி ரெண்டு சப்பாத்தியோட எழுந்துக்கிற ஆள். மன உறுதி இல்லைன்னு அவங்களைச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் தினம் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்விக்கி ஆப்பைத் திறக்குறவன். என் இடுப்புச் சுத்தளவு 94 செ.மீ., ஆண்களுக்கு 90 தாண்டக் கூடாதாம். எனக்கே ஒரு நாள் இந்த ஊசி ஆசை வந்தது, ஒளிக்காம சொல்லிடுறேன். நாலு மாசம் ஒழுங்கா நடந்து பார்த்துட்டு அப்புறம் யோசின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். (நடந்தேனான்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க.)

* * *

இப்ப தங்கச்சி கதை.

செமாக்ளூடைட் வாரம் 0.25 மி.கி.ல ஆரம்பிச்சு, நாலு வாரத்துக்கு ஒரு படியா ஏத்தணும். 2.4 மி.கி. டோஸுக்குப் போய்ச் சேரவே நாலு மாசம். குடல் பழகணும், அதுக்காக. நாலு மாசத்துல கல்யாணம்னா இந்த வேகம் எப்படி ஒத்து வரும்? கிளினிக்ல சீக்கிரம் சீக்கிரமா ஏத்திட்டாங்க. முறையா ஏத்தின ஆய்வுலயே நூத்துக்கு 44 பேருக்குக் குமட்டல். இவளுக்குக் குமட்டல் போய் வாந்தி, வாந்தி போய் மயக்கம். முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடையில உக்காந்துட்டா. அன்னிக்கு சாயங்காலம் ட்ரிப்ஸ். அதோட நிறுத்தியாச்சு.

7 கிலோ குறைஞ்சது. போட்டோ எல்லாம் நல்லா வந்திருக்கு, இல்லைன்னு சொல்லலை. கல்யாணத்துக்கு அப்புறம் கொத்துக் கொத்தா முடி கொட்டுச்சு. எடை வேகமா இறங்கினா அப்படி ஆகுமாம். அப்புறம் பசி திரும்பி வந்தது. "அண்ணா, முன்னாடி எனக்கு இப்படிப் பசிச்சதே இல்லை"ன்னா. ஆறு மாசத்துல 5 கிலோ வந்தாச்சு. இப்ப ரிசப்ஷன் பிளவுஸைப் பார்த்தாலே அழுகை வருதாம்.

இது இவளுக்கு மட்டும் நடந்தது இல்லை. முதல்ல சொன்ன 2021 ஆய்வுல கலந்துக்கிட்டவங்கள்ல ஒரு பகுதியை, ஊசி நிறுத்தினப்புறம் ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. சராசரியா 17.3 சதவீதம் குறைச்சவங்க, அதுல 11.6ஐத் திரும்ப ஏத்திக்கிட்டாங்க. மூணுல ரெண்டு பங்கு. அதுவும் குறையுறப்போ கொழுப்போட சேர்ந்து தசையும் போகுது. திரும்ப ஏறுறப்போ பெரும்பாலும் கொழுப்புதான் ஏறும். ஏற்கனவே தசை கம்மியான நம்ம உடம்புக்கு இது நஷ்டக் கணக்கு. அதனால "நாலு மாசக் கோர்ஸ்"னு ஒண்ணு இந்த மருந்துக்குக் கிடையாது. ஆன்டிபயாடிக் மாதிரி ஆரம்பம், முடிவு உள்ளது இல்லை, பிரஷர் மாத்திரை மாதிரி.

எனக்கு நிஜமா கோபம் வந்தது வேற விஷயத்துக்கு. குழந்தை பெத்துக்கத் திட்டம் இருந்தா குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே செமாக்ளூடைடை நிறுத்தணும்னு மருந்துக் குறிப்புலயே போட்டிருக்கு. பேக்கேஜ் பேரே மணப்பெண் பேக்கேஜ். ஊசி போட வர்றவ நாலு மாசத்துல கல்யாணம் பண்ணப் போறவ. அவகிட்ட இந்த ஒரு வரியை யாருமே சொல்லலை. மயக்கம் போட்டு நிறுத்தினதால தப்பிச்சா. இல்லைன்னா முகூர்த்த நாள் வரைக்கும் போட்டிருப்பா.

ஆபீஸ்ல ஒரு சின்ன மாற்றத்தை சர்வர்ல ஏத்தணும்னாக்கூட, "பிரச்சினைன்னா பழைய நிலைக்கு எப்படித் திரும்புவ?"ன்னு கேக்காம எங்க மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு பொண்ணு உடம்புக்கு அந்தக் கேள்வியை யாரும் கேக்கலை. அண்ணன்னு சொல்லிக்கிட்டுத் திரியுற நானும் கேக்கலை. கிளினிக்னு கேட்டதும் டாக்டர் பார்த்துப்பார்னு விட்டுட்டேன்.

* * *

அதனால யாருக்காவது இந்தப் பேச்சு வந்தா, ஊசிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது:

1. எனக்கு இது எந்த வியாதிக்கு? எடைக்கான அனுமதி பி.எம்.ஐ. 30க்கு மேல, இல்லைன்னா 27க்கு மேல இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏதாவது இருந்தா. தங்கச்சி 24.8, அத்தை ஏறக்குறைய 35. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

2. எனக்கு ஆகாத காரணம் ஏதாவது இருக்கா? குடும்பத்துல மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தா இது கூடாது. கணைய அழற்சி, பித்தப்பைக் கல் வந்திருந்தா கண்டிப்பா சொல்லணும். ரொம்ப வருஷச் சர்க்கரைக்காரங்க கண்ணை முதல்ல பரிசோதிக்கணும், ஏன்னா சர்க்கரை சடார்னு இறங்கினா விழித்திரைப் பாதிப்பு கூடலாம்.

3. இப்ப சாப்பிடுற மாத்திரையை என்ன பண்றது? கிளைமிபிரைடு, இன்சுலின் கூட இது சேர்ந்தா லோ சுகர் ஆகும். அளவைக் குறைக்க வேண்டி வரும். நாமளா குறைக்கக் கூடாது. ஆபரேஷன் ஏதாவது இருந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட ஊசி விஷயத்தைச் சொல்லியே ஆகணும்.

4. தசை போகாம இருக்க என்ன செய்யணும்? பருப்பு, முட்டை, மீன்னு புரதம் எவ்வளவு, என்ன உடற்பயிற்சி.

5. எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, நிறுத்தினா என்ன? 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தப்போ வாரத்துக்கு 3,500 ரூபாயில ஆரம்பிச்சது. மாசம் 14,000. செமாக்ளூடைடுக்கு இங்க காப்புரிமை ஆயுள் 2026 மார்ச் வரைக்கும்தான், அதுக்கப்புறம் உள்ளூர் கம்பெனிகளுக்கு வழி திறந்த மாதிரி. விலை இறங்குறது அத்தை மாதிரி ஆளுங்களுக்கு நல்ல செய்தி. மணப்பெண் பேக்கேஜ்காரங்களுக்கும் அதே நல்ல செய்திங்கிறதுதான் என் பயம்.

இன்னொண்ணு. சீட்டு இல்லாம, தெரிஞ்சவர் கொடுத்தார், ஆன்லைன்ல பாதி விலைன்னு வாங்கவே வாங்காதீங்க. போலி ஒசெம்பிக் பற்றி 2024 ஜூன்ல உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டிருக்கு. ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் கொண்டு வர வேண்டிய மருந்து இது, யார் பையில எத்தனை நாள் வெந்துச்சோ.

* * *

போன வாரம் அத்தைகிட்ட இதெல்லாம் உக்காந்து சொன்னேன். பயத்தோட நிஜக் காரணம் அப்பத்தான் வெளிய வந்தது. அத்தையோட மாமியாருக்குக் கடைசிக் காலத்துல இன்சுலின் ஊசி. ஊசின்னா கடைசி ஸ்டேஜ்னு மனசுல பதிஞ்சு போச்சு. "எனக்கு அவ்வளவு முத்திடுச்சாடா?"ன்னு மெதுவா கேட்டாங்க. இது இன்சுலின் இல்லை அத்தை, முத்தினதாலயும் இல்லைன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் வெத்தலையை நீவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "நிறுத்தினா திரும்ப வந்துடுமாடா?"

அவ்வளவு காசு வாங்கின கிளினிக்ல பேச்சே எழாத கேள்வி.

"வரும் அத்தை. பிரஷர் மாத்திரையை நிறுத்தினா பிரஷர் வராதா?"

"அட, அந்த மாதிரியா? அதை அந்த டாக்டர் சொல்லியிருக்கலாம்ல."

வர்ற புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. அதுக்கப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்னு இருக்காங்க. போட்டுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாது. போட்டுக்கிட்டா தெரிஞ்சு போட்டுக்குவாங்க, வேணாம்னாலும் தெரிஞ்சு சொல்வாங்க. மாமாவும் கூடப் போறார், வாயைத் திறக்கக் கூடாதுங்கிற நிபந்தனையோட :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு ஊசியை ஆரம்பிக்கவும் வேணாம், போட்டுக்கிட்டு இருக்கிறதைத் திடீர்னு நிறுத்தவும் வேணாம். உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. பதிவர்கள்ல டாக்டர்கள் சிலர் இருக்கீங்க, தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. வீட்டுல கல்யாணப் பொண்ணு இருக்கிறவங்க, அந்த ரெண்டு மாச விஷயத்தை மட்டுமாவது அவகிட்ட சொல்லிடுங்க.